பார்க்காமல் போட்ட காய்

அக்கா ஜெயித்து நான் பார்த்தது மொத்தம் நாலைந்து தடவைதான். ஜப்பான்காரர்கள் ஆடும் மாஜாங் ஆட்டத்தைக் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு குச்சிக்கிழங்குக் காட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்கள் மூன்று பேருக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். கற்றுக்கொடுத்த பிறகு எங்கள் மூன்று பேரையும் ஜெயிக்க விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். தோற்றார் என்றும் சொல்ல முடியாது. ஜெயிக்கவும் மாட்டார், பெரிதாகத் தோற்கவும் மாட்டார். நாங்கள் அடித்துக்கொண்டு கிடக்கும்போது அவர் மட்டும் மேலே ஒரு கீறல் இல்லாமல் எழுந்துபோய் டீ வைப்பார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என் கணவருடைய அண்ணனின் மனைவி. என்னைவிட ஆறு வயது பெரியவர். ஜப்பானில் முதியோர் இல்லம் ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். அங்கே மறதி வந்த கிழவர்களை மதியத்தில் மேசையைச் சுற்றி உட்கார வைத்து இதை ஆட விடுவார்களாம். பெற்ற பிள்ளையின் முகம் மறந்தவருக்கும் எந்தக் காயைப் போடக்கூடாது என்பது மட்டும் மறக்காதாம். நாலாவது ஆள் குறைந்தால் அக்காவை உட்கார வைத்திருக்கிறார்கள். திரும்பி வரும்போது ஒரு பெட்டிக் காய்களோடு வந்தார்.

"ஜெயிக்கறத அப்பறம் பாத்துக்கலாம். அடுத்தவங்க ஜெயிக்கறதுக்கு நம்ம கைலருந்து தூக்கிக் குடுத்துடக் கூடாது. மொதப் பாடம் அதுதான்" என்பார்.

ஆட்டம் கேட்க எளிது. ஆளுக்குப் பதின்மூன்று காய். ஒன்றை எடுக்க வேண்டும், ஒன்றைப் போட வேண்டும். மும்மூன்றாக நாலு கூட்டமும் ஒரு ஜோடியும் சேர்ந்தால் கை முடிந்தது. ஒரே மாதிரி மூன்றும் கூட்டம்தான், மூன்று நாலு ஐந்து என்று வரிசையாக வந்தாலும் கூட்டம்தான். இன்னும் ஒரே ஒரு காய் வந்தால் முடிந்தது என்ற நிலையில், மற்றவர் போட்ட காய் எதையும் வாங்காமல் சேர்த்தவர் 'ரீச்சி' என்று அறிவிக்கலாம். அதற்குப் பிறகு நாம் போடும் காய் அவருக்கு வேண்டியதாக இருந்துவிட்டால் 'ரோன்' என்று சொல்லி எடுத்துக்கொள்வார். புள்ளி முழுக்க நம்மிடமிருந்து போகும்.

இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி உண்டு. தான் முன்பே வேண்டாமென்று போட்ட காய்க்கு யாரும் ரோன் சொல்ல முடியாது. அதனால் ரீச்சி சொன்னவர் முன்னால் வரிசையாகக் கிடக்கும் காய்களைப் பார்த்து, அதே காய் நம்மிடம் இருந்தால் அதைத்தான் போட வேண்டும். அப்படிப் போட்டால் பாடுபட்டுச் சேர்த்த கை சிதையும். பரவாயில்லை என்று சிதைய விடவேண்டும். அக்கா அதற்கு வைத்திருந்த பெயர் 'எறங்கிக்கறது'.

அவர் இறங்குவது பார்க்க ஒரு மாதிரி இருக்கும். மாமா 'ரீச்சி' என்று கட்டிலை ஒரு தட்டுத் தட்டியதும் அக்கா தன் கையை ஒரு முறை பார்ப்பார். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் மாறாது. நடுவிலிருந்து ஒரு காயை உருவி, மாமா போட்டதையே போடுவார். அடுத்த முறையும் அதுவே. ஆட்டம் முடிந்ததும் தன் காய்களைக் கவிழ்த்து வைத்துவிடுவார். என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டால் "அதை இப்ப எதுக்கு" என்பார்.

மாமா என்பது என் மாமனார். மாமியார் எப்போதோ போய்விட்டார். நாலாவது ஆள் அக்காவின் கணவர், ஓசூரில் கம்பெனி வேலை, சனிக்கிழமை வந்து திங்கள் காலை போகிறவர். எனக்கும் அவர் மாமா முறைதான். இரண்டு மாமா வந்தால் குழப்பம் என்பதால் இங்கே பெரியவர் என்று சொல்லிக்கொள்கிறேன். ஞாயிறு மதியம் கறிச்சோறு முடிந்ததும் கூடத்தில் பிளாஸ்டிக் டீப்பாயைப் போட்டு ஜமுக்காளத்தை நாலாக மடித்து விரித்தால் மேசை தயார்.

காய்களுக்கு எங்கள் வீட்டில் வேறு பெயர்கள். வட்டம் போட்டது தட்டு, மூங்கில் போட்டது கரும்பு. பறவைப் படம் போட்ட ஒற்றை மூங்கிலை மாமா கோழி என்றார். ஒன்றுமே எழுதாத வெள்ளைக் காய் வெத்துக்காய். ஜப்பான் எழுத்து போட்ட காய்களின் மூலையில் அக்கா மார்க்கர் பேனாவால் எண் எழுதிவைத்தார். திசைக் காய்களுக்கு கி, தெ, மே, வ.

அந்தத் திசையில்தான் மாமா முதல் நாளே சண்டைக்கு வந்தார். கிழக்கில் உட்கார்ந்தவருக்கு வலது கைப்பக்கம் தெற்கு என்பது ஆட்டத்தின் கணக்கு. காலமெல்லாம் காட்டுக்கு மடை திருப்பிய மனிதர் அதை எப்படி ஒப்புக்கொள்வார்.

"கெழக்கால உக்காந்து மேக்கப் பாத்தா வலது கைப்பக்கம் வடக்குதானம்மா வரும். தெக்குன்னு சொல்றே. எவன் அளந்தான் இத?"

"ஆட்டத்துல அப்படித்தானுங்க மாமா."

"அப்ப ஆட்டம் தப்பு."

"சரிங்க மாமா" என்று அக்கா வ, தெ இரண்டு காய்களையும் இடம் மாற்றி வைத்துவிட்டார். அன்றிலிருந்து உலகத்தில் எங்கள் வீட்டில் மட்டும் மாஜாங்குக்கு வேறு திசை. ஒரு வார்த்தை வாதாடியிருக்கலாம். எனக்கு அதில் எரிச்சல்தான் வந்தது.

எல்லாவற்றிலும் இப்படித்தான். சந்தையில் நல்ல முருங்கைக்கட்டு ஒன்றை அவர் கையில் எடுத்திருப்பார், பக்கத்தில் ஒருத்தி அதைப் பார்த்தாலே போதும், கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். பங்காளி வீட்டு வளைகாப்பில் தாம்பாளத்தை எடுக்கப் போனபோது ஒரு பெரியம்மா, "நீ வேண்டாங்கண்ணு, புள்ளை பெத்தவங்க யாராச்சும் எடுக்கட்டும்" என்றார். அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. அவர் தாம்பாளத்தை வைத்துவிட்டு உள்ளே போய்ப் பந்திக்கு இலை நறுக்க ஆரம்பித்தார். பெரியவர் வண்டியில் வரும்போது, "நீயெல்லாம் ஒரு மனுசியா, திருப்பி ஒண்ணு கேக்க மாட்டயா" என்று கத்தினாராம். இதைப் பெரியவரே எங்களிடம் சொன்னார். சொல்லும்போது அக்கா பக்கத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொப்பூர் இறக்கத்தில் என் கணவர் வண்டிமேல் லாரி ஏறியபோது எனக்கு ஐந்து மாதம். அழுதேனா என்று கேட்டால், இல்லை. அழாததை ஊரே பார்த்தது. அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்றார்கள். அடக்க ஒன்றும் இல்லை. சோற்றைப் போட்டால் சாப்பிட்டேன், படு என்றால் படுத்தேன். குழந்தை பிறந்தது, பெண். தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தோம். பால் கொடுத்தேன். பெயர் வைக்க யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. பாப்பா என்று கூப்பிட்டோம்.

அப்போதுதான் அக்கா காய்ப் பெட்டியைத் திறந்தார். ஆறுதல் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் எதிரில் உட்கார்ந்து, "மொதல்ல தனியா நிக்கற தெசைக்காயைப் போடு. அப்பறம் ஒண்ணு, ஒம்பது. ஓரத்துல இருக்கறதுக்குக் கூட்டு கெடைக்கறது கஷ்டம். நடுவுல இருக்கறத வச்சுக்கோ" என்றார். நான் கேட்டுக்கொண்டேன். யாரும் என்னிடம் எதையும் எதிர்பார்க்காத ஒரு வேலை கிடைத்தது நல்லதாகத்தான் இருந்தது.

நான் ஆடியது மோசம். மற்றவர் போட்டதை 'பொன்' என்று சொல்லி எடுத்துக்கொள்ளலாம் என்றதும் வந்ததையெல்லாம் எடுத்தேன். ஒரு நாள் நாலு கூட்டம், ஒரு ஜோடி எல்லாம் சேர்ந்து, முடிந்தது என்று காட்டினேன். அக்கா தலையை ஆட்டினார்.

"சேந்துருக்குது. ஆனா ஜெயிக்க முடியாது. இன்ன மாதிரி கைன்னு சொல்ல ஒரு லச்சணம் வேணும், அதுக்குப் பேருதான் யாக்கு. அடுத்தவங்ககிட்ட எதுவுமே வாங்காம சேத்திருந்தா ரீச்சி சொல்லியிருக்கலாம், அதே ஒரு யாக்குதான். நீ கண்டதையும் வாங்கிட்ட."

"அப்ப இதை என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாது. வச்சிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

பெரியவர் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டும் போல இருந்தது, சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு எதையும் வாங்குவதை விட்டேன். எடுக்கிற காயைக் கையில் இருப்பதோடு ஒட்டிப் பார்க்காமல் அப்படியே போட ஆரம்பித்தேன். எடு, போடு. எடு, போடு. சுலபமாக இருந்தது. மற்ற இருவரும் கவனிக்கவில்லை. அக்கா ஒரு நாள் மெதுவாக, "நீ பாக்காமயே போடற" என்றார். நான் அடுத்த காயையும் அப்படியே போட்டேன். அவரும் மறுபடி சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு, ஆட்டம் யாரும் ஜெயிக்காமல் காய் தீர்ந்து முடிந்தது. அக்கா வழக்கம்போலக் கவிழ்த்து வைத்தார். டீ வைக்க அவர் எழுந்த நேரம் பார்த்து மாமா அவருடைய காய்களை நிமிர்த்திவிட்டார். எல்லாமே தட்டு, கூடவே இரண்டு வெத்துக்காய். அப்படி ஒரே இனமாகச் சேர்ந்தால் அதுவே ஒரு யாக்கு, ரீச்சி சொல்லாமலே ஜெயிக்கலாம். மூன்றாவது வெத்துக்காய் வந்திருந்தால் முடிந்தது. அது எப்போதோ வந்திருந்தது. என் முன்னால் கிடந்தது, நான் எடுத்ததும் போட்டது.

"ஏம்மா பெரியவளே. சின்னவ போட்டாளே இத. வாயத் தெறந்து ரோன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மொத்த ஆட்டமும் உன்னுது. தூங்கிட்டயா?"

"கவனிக்கலீங்க மாமா" என்றார் அக்கா, அடுப்பிலிருந்து.

கவனிக்காமல் விடுகிற ஆள் இல்லை அவர். எட்டு ரவுண்டுக்கு முன்னால் யார் எதைப் போட்டார்கள் என்று சொல்லக்கூடியவர். எனக்கு அன்றே தெரிந்தது, வேண்டுமென்றுதான் விட்டார் என்று. ஏன் என்று யோசிக்க எனக்குத் தெம்பு இல்லை.

பாப்பாவை அவர் தானாகத் தூக்கியதில்லை. நான் "கொஞ்சம் பிடிங்கக்கா" என்றால்தான் தூக்குவார். தூக்கினால் ஒரு மாதிரிப் பிடிப்பார், இரண்டு கையையும் அடியில் கொடுத்து, உடம்பை ஒட்டாமல். குளிப்பாட்ட ஆள் வராத நாட்களில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு அவர்தான் குளிப்பாட்டுவார். முடிந்ததும் துடைத்து, பவுடர் போட்டு, நான் எங்கே இருந்தாலும் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிடுவார். அரை நிமிடம்கூடக் கூடுதலாக வைத்துக்கொள்ள மாட்டார். குழந்தை என்றால் இவருக்கு ஆகாது போலிருக்கிறது என்றுகூட நான் நினைத்தேன்.

பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிந்தபோது மாமா பேச்சை எடுத்தார். ஆட்டத்தின் நடுவில்தான்.

"சின்னவளே, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. உனக்கு வயசு இருபத்தேழு. இப்படியே உக்காந்திருக்க முடியாது, நாளைக்கு உனக்கு ஒரு வழி பண்ணணும். உங்கம்மாகிட்டயும் பேசிட்டேன். பாப்பாவைப் பெரியவனுக்கும் பெரியவளுக்கும் குடுத்துரு. அவங்களுக்கும் இல்ல. கொழந்தை நம்ம வூட்லயே வளரும். தீர்த்தமலைக்குப் போயி, சாமி முன்னால பேர வச்சு, பெரியவ மடியில போட்டுட்டு வந்துருவோம்."

எங்கள் பக்கத்தில் அப்படி நடப்பதுதான். மடியில் போட்டுவிட்டால் பிறகு பெற்றவள் சித்தி. யாரும் அதைக் கொடுமை என்று நினைப்பதில்லை. மாமாவும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்கு நல்லது என்றுதான் சொன்னார். பெரியவர் தன் காய்களையே பார்த்துக்கொண்டிருந்தார், காது சிவந்திருந்தது. அவருக்கு எவ்வளவு ஆசை என்று அந்தக் காதில் தெரிந்தது.

என் முறை. ஒரு காய் எடுத்தேன். "சரிங்க மாமா" என்றேன். காயைப் போட்டேன்.

அவ்வளவுதான், அது முடிந்துவிட்டது. எனக்குள் எங்கேயும் எதுவும் அசையவில்லை. அடுத்து அக்கா. அவர் நான் போட்ட காயை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் கையின் நடுவிலிருந்து ஒன்றை உருவிப் போட்டார். அடுத்த சுற்றிலும் நடுவிலிருந்து உருவினார். அன்று யாருமே ரீச்சி சொல்லியிருக்கவில்லை. யாரும் சொல்லாத ஆட்டத்தில் அக்கா இறங்கிக்கொண்டிருந்தார்.

வேன் வைத்து அரூர் வழியாகத் தீர்த்தமலை போனோம். நாங்கள் ஐந்து பேரும் பங்காளிகள் நாலைந்து பேரும். அக்காவுக்குப் பெரியவர் பச்சைப் பட்டுப்புடவை எடுத்திருந்தார். படி ஏறும்போது பாப்பாவை நான்தான் தூக்கியிருந்தேன். பாதி வழியில் பெரியவர் குடையைக் கொண்டுவந்து எங்கள் தலைக்கு மேல் பிடித்தபடியே ஏறினார், தான் வெயிலில். மேலே பாறையிலிருந்து வடிகிற தீர்த்தத்தைப் பிடித்துப் பாப்பா தலையில் தெளித்தார்கள். அக்காவை மனையில் உட்கார வைத்தார்கள். குருக்கள் பூவைக் கொடுத்துவிட்டு, பெற்றவள் குழந்தையைக் கொடுக்கலாம் என்றார்.

நான் குனிந்து பாப்பாவை நீட்டினேன். அக்கா கையை நீட்டவில்லை.

முதலில் யாருக்கும் புரியவில்லை. "புடவை நழுவுதா" என்று ஒரு அத்தை கேட்டார். நான் நீட்டியபடியே நின்றேன், பாப்பாவுக்குக் கால் தொங்கியது. "வாங்கும்மா" என்றார் மாமா. அக்கா மடியில் இரண்டு கையையும் கோத்து வைத்திருந்தார். இறுக்கத்தில் விரல்நுனி வெளுத்திருந்தது.

"அவ பாக்காமக் குடுக்கறா மாமா. நான் வாங்கிக்க மாட்டேனுங்க."

"என்னா பேசறே நீ? அவளே சரின்னுதான வந்திருக்கறா?"

"எதக் கேட்டாலும் சரின்னுதாங்க சொல்றா. கெணத்துல குதின்னாலும் சரிம்பா. அவளக் கேக்காதீங்க."

பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "மடியைப் புடிடி" என்றார். எல்லார் முன்னாலும் அவர் அக்காவை டி போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அக்கா எழுந்தார். புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு தள்ளிப்போய் நின்றார். வாழ்நாளில் எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுத்த மனுஷி, அந்த ஒரு இடத்தில் யார் என்ன சொல்லியும் அசையவில்லை. அந்த வீட்டில் இனி தனக்கு என்ன மிஞ்சும் என்று தெரியாதவர் இல்லை.

குருக்களுக்கு அடுத்த பூஜைக்கு ஆள் காத்திருந்தார்கள். "பேராச்சும் சொல்லுங்கோ, வச்சுட்டுப் போகலாம்" என்றார். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா என்னைக் காட்டி, "அவ சொல்லட்டும்" என்றார்.

பெயர் சொல்ல வேண்டும் என்றால் பார்க்க வேண்டும். பார்த்தேன். பாப்பாவுக்கு அவள் அப்பாவின் நெற்றி. இரண்டு புருவத்துக்கும் நடுவில் சின்னதாக ஒரு சுழி. ஆறு மாதமாக என்னிடம் பால் குடித்த குழந்தை, அந்தச் சுழியை அன்றுதான் பார்த்தேன். வாயில் வந்த பெயரைச் சொன்னேன். அவள் என் தோளில் வாயை வைத்துக் கடித்தாள், எச்சில் ஜாக்கெட்டை நனைத்தது. ஈரம் தெரிந்தது. படி இறங்கி வேனுக்கு வரும்வரை யாரிடமும் அவளைக் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் ஆட்டம் இல்லை. பெரியவர் வாராவாரம் வருவது மாதம் ஒருமுறை ஆனது, பிறகு ஓசூரிலேயே தங்கிவிட்டார். பெற்றெடுக்கவும் துப்பில்லை, கொடுத்ததை வாங்கவும் துப்பில்லை என்று ஊர் பேசியது. மாமா அக்காவிடம் சாப்பாடு கேட்பதற்குக்கூட என்னிடம் சொல்லி அனுப்பினார். நான் அக்காவுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போது எனக்குப் பேச்சு வந்திருக்கவில்லை என்று சொல்லிக்கொள்வேன், அது பாதி உண்மை. அந்த வருடமே அக்கா மறுபடி ஜப்பானுக்கு எழுதிப் போட்டுக் கிளம்பிவிட்டார். ஆட்டோ வந்து நின்றபோது பாப்பா தவழ்ந்து போய் அவர் கொலுசைப் பிடித்தாள். அவர் குனிந்து விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, தூக்கி, என்னிடம் கொடுத்தார்.

இப்போது பாப்பா ஒன்றாம் வகுப்பு. நான் அதியமான்கோட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வழி பண்ணும் பேச்சை மாமா விட்டுவிட்டார். அழுகை இரண்டு வருடம் கழித்து வந்தது, ஒரு பஸ்ஸில், காரணம் இல்லாமல். அதற்குப் பிறகுதான் பயமும் வந்தது. அன்று அக்கா கையை நீட்டியிருந்தால் நான் கொடுத்திருப்பேன். கொடுத்துவிட்டு, வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கியிருப்பேன். இதை நினைத்தால் இன்றும் வேலையின் நடுவில் கை நின்றுவிடுகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில் வந்தார். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை பேசுவார், நான் சாப்பிட்டேனா, மாமாவுக்குக் கால் வலி எப்படி என்று கேட்பார். பாப்பாவைப் பற்றிக் கடைசியில்தான் கேட்பார். அன்று நான் கேட்டே விட்டேன்.

"அக்கா, அன்னிக்கு மலையில. உங்களுக்கு வேணும்னு இல்லயா?"

அந்தப் பக்கம் யாரோ ஒரு கிழவி ஜப்பான் மொழியில் திரும்பத் திரும்ப எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தார்.

"பேரே யோசிச்சு வச்சிருந்தேன்" என்றார்.

"என்ன பேருங்கக்கா?"

"அதச் சொல்ல மாட்டேன். சொன்னா நீ இப்ப மாத்தி அதை வச்சிருவ."

போனை வைத்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னது சரி. வைத்திருப்பேன்.